நம் நிறத்தையும் வெயில் விடாது
'நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது. 60 தாண்டியவர்கள் தினமும் உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் விட்டமின் டி மாத்திரையே வேண்டாம்' என்று ஒரு பதிவில் இருக்கிறது. தயவுசெய்து இதை அப்பா அம்மாவுக்கு அனுப்பாதீர்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கும், சரி. ஆனால் வயதாக ஆகத் தோல் விட்டமின் டி தயாரிப்பது வெகுவாகக் குறைந்துவிடும். கூடுதல் நேரம் உட்கார்ந்தாலும் ஓர் அளவுக்கு மேல் அது சேராது, தோல்தான் பாழாகும்.

அப்புறம், அவர்களுடைய பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டெல்மிசார்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடு என்று பொடி எழுத்தில் இருந்தால், அந்த ஹைட்ரோகுளோரோதயசைடு தோலை வெயிலில் இன்னும் எளிதில் பாதிப்படையவைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் கேளுங்கள். வெளியே போனால் குடையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். வாரக்கணக்கில் ஆறாத புண் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.