பேச்சி 29, பெருஞ்சாணி 44

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு எபிசோடு பார்த்தேன். மூணு நாளாச்சு, மனசு இன்னும் அங்கேயே கிடக்கு. நேத்து என் மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஒரு 5 ஹெச்பி மோட்டாருக்குக் காயில் இறக்கும்போது ஸ்லாட் மாறிப்போய், மொத்தத்தையும் உருவி எடுத்து முதல்ல இருந்து கட்டினேன். பத்தொன்பது வருசத் தொழில்ல இது ரெண்டாவது தடவை. எழுதித் தொலைச்சாத்தான் வேலை ஓடும்னு உட்கார்ந்தாச்சு.

ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்னு அமெரிக்க விண்வெளி டிவி தொடர், ஐந்தாவது சீசன், 'தி இன்னர் லைட்'. 1992 ஜூன்ல வந்தது, மறுவருசம் அறிவியல் புனைகதைக்குத் தர்ற ஹியூகோ விருது வாங்கினது. எல்லாரும் தலையில் தூக்கி வச்சு ஆடுறாங்கன்னுதான் இத்தனை நாள் தொடாமலே இருந்தேன். ஊரே ஆகா ஓகோன்னு சொல்ற சாப்பாட்டுக்கடையில் சாப்பிட்டா எனக்கு மட்டும் வயிறு சரியில்லாமப் போகும், அது என் ராசி. முப்பது வருசத்துக்கு மேலான கதை, அதனால முழுசா சொல்லப் போறேன். ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

பிக்கார்ட், கப்பல் கேப்டன். வழியில் ஆளில்லாத ஒரு சின்ன விண்கலம் எதிர்ப்படுது. அதிலிருந்து ஏதோ ஒரு கதிர் வந்து இவர் மூளையில் ஒட்டிக்கிடுது, மனுசன் மேல்தளத்திலேயே மயங்கி விழுறார். கண்ணைத் திறந்தா கட்டான்னு ஒரு கிரகம், ரெஸ்ஸிக்னு ஒரு சின்ன ஊர். "மூணு நாளா காய்ச்சல்ல கிடந்தீங்க"ன்னு சொல்ற ஒரு மனைவி, ஏலீன். அங்கே இவர் பேரு காமின், தொழில் இரும்பு நெய்யுறது. இரும்பை எப்படி நெய்வாங்கன்னு கடைசிவரைக்கும் காட்டவே இல்லை. செப்புக்கம்பியைச் சுத்தி வயிறு கழுவுற எனக்கு அதுதான் இந்தக் கதையில் முதல் குறை.

அஞ்சு வருசம், நான் கேப்டனாக்கும், கப்பலுக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கார். அப்புறம் மெல்ல மெல்ல ஊர்க்காரராகிப் போறார். மகள், மகன், பேரன். ஊதிஊதிப் பழகின ஒரு குழல். ஷூவைக் கண்ட இடத்தில் போடாதீங்கன்னு வீட்டுச் சண்டை. ஏலீன் சாகக் கிடக்கும்போதும் அந்த ஷூவைத்தான் ஒதுக்கி வைக்கச் சொல்றா. எனக்குத் தொண்டை அடைச்சது அங்கேதான். என் வீட்டுக்காரி பக்கத்தில் இருந்து, "அங்கேயும் இதே கதைதானா"ன்னு வாசப்பக்கம் பார்த்தா. என் செருப்பு ரெண்டும் ரெண்டு திசையில் கிடந்தது.

கப்பல்ல ஓடினது இருபத்தஞ்சு நிமிசம் இருக்கும். இங்கே மனுசன் கிழவனாயிட்டார். கடைசியில் ஊரே கூடி ஒரு ராக்கெட் விடுறதைப் பார்க்கப் போகுது. அதில் போறதுதான் முதல்ல எதிர்ப்பட்ட அந்த விண்கலம். செத்துப்போன மனைவியும் சிநேகிதனும் பழைய வயசோட வந்து நின்னு, இது உன்னைத் தேடித்தான் வருதுன்னு சொல்றாங்க. இவங்க சூரியன் வெடிச்சு ஆயிரம் வருசமாச்சு. கிரகமும் இல்லை, ஊரும் இல்லை. இவர் கப்பல்ல முழிக்கிறார். அந்த விண்கலத்துக்குள்ளே ஒரு பெட்டி, பெட்டிக்குள்ளே குழல்.

எல்லாரும் அழுறது அந்தக் குழலுக்கு. எனக்கு அங்கே கண்ணு கலங்கல. குழல் வச்சு அழ வைக்கிறது சுலபம், நம்ம ஊர் சினிமாவில் அதைப் பார்த்துப் பார்த்துத் தோல் தடிச்சுப்போச்சு. என்னைப் பிடிச்சு வச்சிருக்கிறது நடுவில் வர்ற வறட்சி.

ரெஸ்ஸிக்ல மழை இல்லை. ஊர் நடுவில் ஒரு மரக்கன்னு நிக்குது. ஒவ்வொருத்தரும் தனக்கு அளந்து தர்ற தண்ணியில் கொஞ்சத்தை அதுக்கு ஊத்துறாங்க. காமின் வருசக்கணக்கா தொலைநோக்கி வச்சு வானத்தைப் பார்த்துக் குறிச்சு வைக்கார். மகள் மெரிபோர் மண்ணை எடுத்துச் சோதிக்கிறா. ரெண்டு பேருக்கும் கிடைச்ச விடை ஒண்ணுதான், இந்தக் கிரகம் செத்துக்கிட்டு இருக்கு. காத்தில் இருந்து தண்ணி பிரிக்கிற கருவி செய்யலாம்னு அவர் அதிகாரிகிட்ட முன்னாடியே கேட்டுப் பார்த்தவர். எடுபடல. கடைசியா நேராப் போய்க் கேட்கும்போது அதிகாரி குரலைத் தாழ்த்திச் சொல்றார், எங்களுக்கு முன்னமே தெரியும்னு. ஊர் பதறும்னு சொல்லாம வச்சிருக்காங்க. தப்பிச்சுப் போகவும் வழியில்லை, சின்னச்சின்ன ராக்கெட் விடவே அப்பத்தான் படிச்சிருக்காங்க.

அந்த அதிகாரியை வில்லனா எழுதல பாருங்க, அதுதான் எழுத்து. எங்க பாசனச் சானல் கடைவரம்புக்குத் தண்ணி வரலைன்னு நாங்க எட்டுப் பேர் ஒரு அலுவலகத்துக்கு மனு கொண்டு போனோம். அங்கே இருந்தவர் நல்ல மனுசன். உட்காரச் சொன்னார், சாயா வாங்கித் தந்தார். எல்லாம் தெரியும்னு தலையாட்டினார். தண்ணி வரல.

இனி என் அப்பா கதை. பேச்சிப்பாறை அணைக்கு முழுக்கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77. குமரி மாவட்டத்தில் வயல் வச்சிருக்கிறவனுக்கு இது ரெண்டும் பிள்ளைகள் பிறந்த தேதி மாதிரி. காலையில் பேப்பர் வந்ததும் மத்தவங்க தலைப்புச் செய்தி பார்ப்பாங்க, அப்பா உள்பக்கத்தில் பெட்டிச்செய்தியா வர்ற நீர்மட்டத்தைப் பார்ப்பார். பார்த்ததும் முந்தின நாள் கிழிச்ச தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். பேச்சி 29, பெருஞ்சாணி 44. பேச்சிப்பாறைன்னு முழுசா எழுத மாட்டார், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுற மாதிரி பேச்சின்னுதான். முதல் போகம் கன்னிப்பூவுக்கு நாத்துப் பாவலாமா, ரெண்டாம் போகம் கும்பப்பூவை நம்பலாமா, எல்லாம் அந்த நம்பர் சொல்லும்.

எனக்கு அந்த நம்பர் வேற கணக்கு. கிணத்தில் தண்ணி இறங்க இறங்க என் கடையில் மோட்டார் ஏறும். குழாய் அடியில் இருக்கிற ஃபுட்வால்வு வெளியே தெரியும், மோட்டார் தண்ணிக்குப் பதிலா காத்தை இழுக்கும், சூடேறும், ஒருநாள் புகை வரும், சாக்கில் சுத்திக் கொண்டு வருவாங்க. "என்ன வே, இந்த வருசம் உமக்கு நல்ல மழையோ"ன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே கேட்டார். நானும் சிரிச்சேன். அப்பா திண்ணையில் இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார், ஒண்ணும் சொல்லல.

அவர் போன பிறகு அந்தக் காலண்டர் தாளையெல்லாம் பரணில் இருந்து எடுத்தோம். வருசம் வருசமா நூல் போட்டுக் கட்டி, சாக்குப்பையில். கடைசி நாலஞ்சு வருசம் வயலே கிடையாது, வித்தாச்சு, அங்கே இப்போ வீடு நிக்குது. ஆனாலும் எழுதியிருக்கார். ஒருநாள் விடல.

காமின் நோட்டைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சாக்குப்பைதான் ஞாபகம் வந்தது.

1977ல் நாசா விட்ட வாயேஜர் விண்கலத்தில் தங்கமுலாம் பூசின ஒரு இசைத்தட்டை அனுப்பினாங்க. 55 மொழியில் வணக்கம். தெலுங்கு இருக்கு, கன்னடம் இருக்கு, தமிழ் இல்லை. இதை வச்சு நானே இங்கே வருசத்துக்கு ஒரு தடவை புலம்பியிருக்கேன், பழைய பதிவுகளில் கிடக்கும். இப்போ அந்தக் கோபம் கொஞ்சம் ஆறிப்போச்சு. அந்தத் தட்டை எடுக்கிறவனுக்கு வணக்கம்னா யாரு, எதுக்குச் சொல்றான், எப்போ கையைக் கூப்புவான், ஒண்ணும் தெரியாதே. ரெஸ்ஸிக்காரங்க ராசா பேரு அனுப்பல, வேதம் அனுப்பல, அவங்க வறட்சிக் கணக்கைக்கூட அனுப்பல. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தனைப் பிடிச்சு, "வா, எங்க ஊர்ல மாப்பிள்ளையா இரு, தண்ணி தூக்கு, பெண்டாட்டிகிட்ட ஏச்சு வாங்கு, செத்துப் பாரு"ன்னுட்டாங்க. 133 அடிச் சிலை இருக்கிற மாவட்டத்தில் இருந்து சொல்றேன், இது பெரிய யோசனை. அய்யன் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை கதை மேலதான் இருக்கு. கேட்காமலே ஒரு மனுசன் தலையில் முழு வாழ்க்கையைக் கொட்டுறது என்ன நியாயம்? அதைப் பத்திக் கப்பல்ல ஒருத்தரும் வாய் திறக்கல. அடுத்த எபிசோடில் அவர் பாட்டுக்கு டியூட்டியில் நிக்கார். மனைவி, மக்கள், பேரன், அத்தனை பேரையும் புதைச்சவன் மறுவாரம் சட்டையை இழுத்துவிட்டு ஆர்டர் போடுறான். அடுத்த சீசன்ல 'லெஸன்ஸ்'னு ஒரு எபிசோடில் குழல் மறுபடி வருது. அது போதாது. ஏலீனுக்கும் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம். அவளுக்குக் காத்திருக்கிறதும் ஷூவும்தான் கிடைச்சது.

மகள் பிளஸ் டூ படிக்கா. "செட்டெல்லாம் அட்டை மாதிரி இருக்குப்பா"ன்னு தொடங்கினவ, பாதியில் போனைக் கவுத்து வச்சிட்டா. முடிஞ்சதும் அந்தச் சாக்குப்பையைக் கேட்டா. ராத்திரி ஒரு மணிக்குப் பரணில் ஏணி போட்டு இறக்கினேன். ரெண்டு கட்டை இராமபாணப் பூச்சி தின்னிருக்கு. மீதியைத் தரையில் பரப்பி உட்கார்ந்துட்டா.

அவதான் கண்டுபிடிச்சா. சில தேதிகளில் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம், நடுவில் ஒரு புள்ளி. வருசத்துக்கு ஆறேழு வருது. மழை நாளான்னு பார்த்தோம், பொருந்தல. அணை திறந்த நாளும் இல்லை, அமாவாசையும் இல்லை. "பாட்டா எதுக்குப்பா இதைப் போட்டார்?"னு கேட்டா. அம்மாவுக்குத் தெரியல. எனக்கும் தெரியல. இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை.

தோவாளை, பூதப்பாண்டி பக்கம் வயல் வேலை பார்த்த பெரியவங்க வீட்டில் யாராவது இருந்தா கேட்டுச் சொல்லுங்க. வட்டம், நடுவில் புள்ளி. தாளின் போட்டோ கீழே போட்டிருக்கேன். பென்சில் மங்கலா இருக்கு, கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க.