காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு

ஹெர்னியா ஆபரேஷன் என்றால் மூன்று நாளாவது பெட்டில் படுத்தால்தான் வைத்தியம் என்று நம்புகிறவர்கள் நம்மில் நிறைய. "அன்னைக்கே அனுப்பிட்டாங்களா? என்ன ஆஸ்பத்திரியோ!" என்பார்கள். இதே ஆட்கள்தான் அம்மாவின் கண்புரைக்குக் காலையில் ஆட்டோ பிடித்துப் போய், கறுப்புக் கண்ணாடியோடு அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். கண்ணுக்குச் சரியென்றால் வயிற்றுக்கு மட்டும் என்ன கேடு?

காலையில் ஆபரேஷன் செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புகிற டே கேர் சர்ஜரி சென்டர்களுக்கு நான் ஆதரவு. அறை வாடகை மிச்சம் என்பது எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷனும் உயிர் போகிற அவசரமும் ஒரே தியேட்டருக்காக மோதிக்கொள்ளாமல் இருப்பது.

பெரிய ஆஸ்பத்திரியில் நடப்பதைப் பாருங்கள். காலை லிஸ்ட்டில் உங்கள் பெயர் இருக்கும். ராத்திரியிலிருந்து வயிறு காலி. திடீரென ஒரு விபத்து கேஸ் வரும், அது முடிவதற்குள் ஒரு சிசேரியன். அவர்களை முதலில் எடுப்பதுதான் நியாயம். ஆனால் சர்க்கரை வியாதிக்காரரான என் மாமா சாயங்காலம்வரை பட்டினி கிடந்து, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்ற பதிலோடு வார்டுக்குத் திரும்பினார். சர்ஜனுக்கும் பாதி நாள் வீண். அவருடைய கிளினிக்கில் இன்னொரு கூட்டம் காத்துக் கிடந்தது. அவசர கேஸே எடுக்காத சென்டரில் இந்தத் தொல்லை இல்லை. அதே நர்ஸ்கள், அதே டெக்னீஷியன்கள் தினமும் அதே சில ஆபரேஷன்களைச் செய்து கை பழகியிருப்பார்கள். ஒரு கேஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தியேட்டர் சும்மா கிடப்பதும் குறைவு. டாக்டர்கள் இதை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

1970-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 'சர்ஜிசென்டர்' என்று இப்படி ஒன்றைத் தொடங்கிய வாலஸ் ரீட், ஜான் ஃபோர்டு இருவருமே மயக்க மருத்துவர்கள். அது பொருத்தம்தான். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பதில் கத்திக்கு உள்ள பங்கைவிட மயக்க மருந்தின் பங்கு குறைந்ததில்லை. பின்னால் சீக்கிரம் தெளியவைக்கும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தும், சின்னத் துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியும் வந்து, பித்தப்பையைக்கூட எடுத்துவிட்டு அன்றே அனுப்ப முடிகிறது.

வயதானவர்களுக்கு இன்னொரு லாபம். புது இடம், ராத்திரி முழுக்க லைட், பக்கத்து பெட் இருமல் என்று தூக்கம் கெட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு புத்தி தடுமாறிப் பேசும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். சொந்தக் கட்டிலில் படுத்தால் அந்தத் தடுமாற்றம் குறைய வாய்ப்பு உண்டு. வார்டில் தொற்றிக்கொள்ளும் கிருமிகளுக்கும் அவகாசம் குறைவு.

இன்சூரன்ஸுக்கு 24 மணி நேரம் அட்மிட் ஆகியே தீரவேண்டும் என்று பயப்படுகிறவர்கள் பாலிசியில் டே கேர் பகுதியைப் படியுங்கள். முன்பு ஒரு நாளுக்கு மேல் படுக்கவைத்து, இப்போது தொழில்நுட்பத்தால் சீக்கிரம் முடிகிற ஆபரேஷன்களுக்காகவே அது இருக்கிறது. சாதாரண ஓபி சிகிச்சை அதில் சேராது.

குறையும் உண்டு. ஆஸ்பத்திரி மிச்சம் பிடித்த நர்ஸ் வேலை வீட்டில் யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் மகள். ஒரு நாள் லீவு போடக்கூட ஆள் இல்லாத வீட்டுக்கும், ஆத்திர அவசரத்துக்கு வண்டி கிடைக்காத ஊருக்கும் இது சரிப்படாது. கட்டுக்குள் வராத இதய நோய் உள்ளவர்களும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகட்டும். சென்டரில் டாக்டரே பங்குதாரர் என்றால், இந்த ஆபரேஷன் தேவைதானா என்று வேறொருவரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

எங்கே போனாலும் நான் கேட்கச் சொல்வது இவ்வளவுதான். கடைசி பேஷண்ட் கிளம்பும்வரை மயக்க மருத்துவர் இருப்பாரா? சிக்கல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த ஆம்புலன்ஸில்? ராத்திரி ரெண்டு மணிக்குக் கட்டு நனைந்தால் போனை எடுப்பது யார்? இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற இடத்தில், பில் பாதியானாலும் நான் படுக்க மாட்டேன்.