கஜாவின் கணக்கில் வராதவர்கள்

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில் நாகப்பட்டினம் மாவட்டத்து வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், உயிரிழப்பைப் பெருமளவு தடுத்துவிட்டோம் என்ற பெருமிதமே அரசுத் தரப்பிலிருந்து முதலில் வருகிறது. அந்தப் பெருமிதத்தில் நியாயம் இருக்கிறது. 1977 நவம்பரில் இதே நாகப்பட்டினம் கடற்கரையைத் தாக்கிய புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கஜா கரையைத் தொடும் முன்பே 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். அதனால் இறந்தோர் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. ஒடிசாவும் இதே பாதையில்தான் வந்தது. 1999 புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைப் பறிகொடுத்த அந்த மாநிலம், 2019-இல் ஃபானி புயலின்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே வெளியேற்றி, உயிர்ச்சேதத்தை நூற்றுக்குள் நிறுத்தியது. இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உயிரோடு மீண்டவர் மறுநாள் காலையிலிருந்து எதைக் கொண்டு வாழ்ந்தார் என்ற கேள்விக்கு நம்மிடம் ஒழுங்கான பதில் கிடையாது. பேரிடரைத் தாங்கும் சமூகம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், புயலடித்த இரவைவிட அதற்குப் பிந்தைய மூன்று நான்கு ஆண்டுகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஆண்டுகளைத் தாண்டி வந்தவர் யார், தாண்ட முடியாமல் போனவர் யார் என்பதைக் காற்றின் வேகத்தைவிட அதிகமாகத் தீர்மானித்தவை பட்டா, சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்கள்தான்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தென்னை பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. காவிரிப் பாசனத்தின் கடைசிப் பகுதியான கடைமடையில் தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு நாள் ஓடும் என்ற உறுதி குறையக் குறைய, நெல்லை மட்டும் நம்பியிருந்த பலர் ஆழ்குழாய்க் கிணற்றை வெட்டித் தென்னைக்கு மாறினார்கள். ஒரு நிச்சயமின்மைக்குப் பயந்து அவர்கள் தேடிக்கொண்ட பாதுகாப்பு அது. மகள் திருமணம், மகனின் படிப்பு, வங்கிக் கடன் எல்லாம் அந்தத் தோப்பின் மீதுதான் நின்றன. ஒரே இரவில் லட்சக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. அரசு ஒரு மரத்துக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவித்தது. நெட்டை ரகத் தென்னம்பிள்ளை ஒன்றை நட்டால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும்; நன்றாகக் காய்த்துப் பலன் தர அதற்கு மேலும் ஆகும். அத்தனை ஆண்டு வருமானத்துக்கு முன்னால் 1,100 ரூபாய் எம்மாத்திரம் என்று தோப்புக்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆயினும், போதாத தொகையாக இருந்தாலும், அவர்களுக்குக் கேட்க ஒரு கணக்காவது இருந்தது. எத்தனை மரம், எந்தச் சர்வே எண், யார் பெயரில் பட்டா என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக்கொள்ள முடிந்தது.

அந்தத் தோப்பில் மரமேறித் தேங்காய் பறித்தவருக்கு எந்தச் சர்வே எண் இருந்தது? குவியலின் முன்னால் கடப்பாரையை நட்டு மட்டை உரித்தவர், கீற்று முடைந்து கட்டுக்கணக்கில் விற்ற பெண்கள், நார்த் தொழிற்சாலையில் தூசிக்குள் நின்று வேலை பார்த்தவர்கள், தேங்காய் லாரிகளில் சுமை ஏற்றியவர்கள் என்று ஒவ்வொரு தோப்பையும் சுற்றிப் பல குடும்பங்கள் பிழைத்துவந்தன. மரம் விழுந்த அன்றே அவர்களுடைய வேலையும் விழுந்தது. அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை சில நாள் சோறும், ஒரு நிவாரணப் பெட்டியும், குடிசை சேதத்துக்கான சிறு தொகையும்தான். போன வேலைக்கு இழப்பீடு என்ற ஓர் இனமே நம் நிவாரணப் படிவத்தில் இல்லை. எங்கள் பகுதியில் அதன்பின் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பேருந்து ஏறியவர்களில் பெரும்பாலோர் இந்த வீடுகளைச் சேர்ந்தவர்களே. தோப்பில் மறுபடி பிள்ளை நட்டு நீர் பாய்ச்சியதை மீட்சி என்று படம் எடுத்துப் போட்டோம். அந்தப் பிள்ளைகள் காய்க்கும்வரை இவர்கள் எதைத் தின்பார்கள் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டு நான் காணவில்லை.

குத்தகைக்காரர்களின் நிலை இன்னொரு விதம். டெல்டாவில் கோயில் நிலங்களிலும் வெளியூரில் வாழும் நிலக்காரர்களின் வயல்களிலும் சாகுபடி செய்பவர்களில் பலருக்குக் கையில் எழுத்து எதுவும் கிடையாது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் நிலக்காரர் எழுதுவதில்லை. வற்புறுத்தினால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதே என்ற பயத்தில் குத்தகைக்காரர் கேட்பதில்லை. இந்த இரண்டு பயங்களுக்கு நடுவே இழப்பு ஒருவருக்கும் இழப்பீடு மற்றொருவருக்குமாகப் பிரிந்துபோகிறது. நல்ல மனம் படைத்த நிலக்காரர்கள் வந்த தொகையைப் பகிர்ந்து கொடுத்ததும் உண்டு. ஆனால் ஒரு குடும்பத்தின் உயிர்ப்பிழைப்பை இன்னொருவரின் நல்ல மனத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதற்குப் பேரிடர் மேலாண்மை என்று பெயர் வைக்கக் கூடாது.

வீட்டு விஷயமும் இப்படியே. புறம்போக்கிலும் கோயில் மனையிலும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு மனைப்பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கான்கிரீட் வீட்டுத் திட்டத்தில் பெயர் சேருவதில்லை, அதனால் குடிசை, புயல் வந்தால் முதலில் பறப்பது அந்தக் குடிசையின் கூரை. பெரும்பாலான தலித் குடியிருப்புகள் ஊரைவிட்டுத் தள்ளி, தாழ்வான இடத்தில், மழைநீர் வந்து தேங்கும் பக்கமாக அமைந்திருப்பதும் இயற்கை செய்த ஏற்பாடு அல்ல. கஜாவின்போது தமிழகம் முழுவதிலுமிருந்து இளைஞர்கள் லாரி லாரியாகப் பொருள் கொண்டுவந்தார்கள். அவர்களை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். இருந்தும் பெரிய சாலையோரத்து ஊர்கள் இருமுறை மும்முறை பெற்ற அதே நாட்களில், உள்ளடங்கிய தெருக்கள் வெறுங்கையோடு நின்றன.

இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும் ஆறாயிரம் பேரை இழந்தது. அதன்பின் வந்த நிவாரணம் படகையும் வலையையும் எண்ணியது. மீனவர்களுக்கு அது அவசியம் சேர வேண்டியதே. ஆனால் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர்களும், கடல்நீர் ஏறி உவராகிப் போன வயல்களில் நடவு வேலையை இழந்தவர்களும், முகத்துவாரங்களில் கையால் இறால் தடவிப் பிடித்துப் பிழைத்த இருளர்களும் தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கச் சொல்லியே போராட வேண்டியிருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோதும் இதே கதை. முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கூலி எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்துக் கஜா வந்தது; படிவம் மாறவில்லை.

கடனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மின்கம்பங்கள் லட்சத்துக்கு மேல் விழுந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த நாட்களிலேயே, நுண்கடன் நிறுவனங்களின் ஆட்கள் வாரத் தவணை கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். பெண்கள் குழுவாகக் கடன் பெற்றிருந்ததால், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். பேரிடர் நேரத்தில் ஒருவரையொருவர் தாங்க வேண்டிய உறவே ஒருவரையொருவர் நெருக்கும் உறவாக மாறியது. அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்கிய வீடுகளில் புயல் முடியவே இல்லை.

பருவநிலை மாற்றம், மீண்டு எழுபவர்களுக்கும் எழ முடியாதவர்களுக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை அகலப்படுத்துகிறது. கடல்நீர் வெப்பமாவதால் புயல்கள் குறுகிய நேரத்தில் வலுவடையும் வாய்ப்பு கூடுகிறது. 2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடலில் ஒக்கி புயல் உருவாகி வலுத்த வேகத்தில், முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்ட மீனவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. கடைமடையில் நிலத்தடி நீர் உவர்ப்பாகிக்கொண்டே வருகிறது. ஒரு புயலிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வரும் என்றால், எழ முடியாதவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு படி கீழேதான் தொடங்குவார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். பேரிடருக்குப் பிறகு எடுக்கும் கணக்கைப் பேரிடருக்கு முன்பே எடுங்கள். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் திட்டம் இருக்கிறது. நான் பார்த்த ஆவணங்களில் தாழ்வான பகுதிகள், பாதுகாப்பு மையங்கள், படகுகள், மண் அள்ளும் இயந்திரங்கள் ஆகியவற்றின் பட்டியல் இருந்தது. யார் எந்தத் தொழிலில் பிழைக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லை. வங்கதேசத்தில் 1970-ஆம் ஆண்டுப் போலா புயலின் பேரழிவுக்குப் பிறகு, கிராமத்து மக்களையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்து, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவர்களிடமே எச்சரிக்கைப் பணியை ஒப்படைத்தார்கள். எச்சரிக்கைக்குப் பொருந்தும் அந்த முறை வாழ்வாதாரக் கணக்குக்கும் பொருந்தும். நிலம் இல்லாத கூலிக்காரர், எழுத்தில்லாத குத்தகைக்காரர், பட்டா இல்லாத குடியிருப்பாளர் ஆகியோரின் பெயரும் தொழிலும் ஊராட்சி அளவில் எழுதப்பட்டு, கிராம சபையில் எல்லோர் முன்பும் வாசிக்கப்பட வேண்டும். விடுபட்டவர் அங்கேயே எழுந்து கேட்கலாம்; பொய்யாக நுழைந்த பெயரை ஊரே காட்டிக்கொடுக்கும். புயல் வந்தால் அந்தப் பட்டியலை வைத்தே உதவி போகட்டும். அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் கூடுதல் நாட்களைப் புயல் கடந்தவுடன் தொடங்கி, விழுந்த மரங்களை அகற்றும் பணியையும் வாய்க்கால் சீரமைப்பையும் இவர்களுக்கே கொடுக்கலாம்.

அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால்தான் கூடுகிறது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை, கடலூர் மாவட்டங்களில் இருக்கும் நண்பர்கள் இதை ஒரு தீர்மானமாக எழுதி எடுத்துச் செல்லுங்கள்; உங்கள் ஊர்த் தலைவரிடமும் செயலரிடமும் முன்னதாகவே பேசிவிடுங்கள். தீர்மான வாசகம் எழுத உதவி வேண்டுவோர் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.