மழை ஜெயிக்கவில்லை, பப்பா வாலஸ் ஜெயித்தார்

அந்தக் குடை மீமை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தய டிரைவர் பப்பா வாலஸ் கையில் கோப்பைக்குப் பதில் ஒரு குடை. கீழே "டலடேகா 2021, வின்னர்: வருண பகவான்" என்று ஒரு வரி. எங்கள் ரேஸ் குழுவில் சில நாட்களாகச் சுற்றுகிறது. அதைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர்மேல் கோபமும் இல்லை. ஆனால் அதன் கீழே சிரித்து வைத்துவிட்டு "உண்மையைத்தானே சொல்கிறார்கள்" என்று எழுதியவர் நான் மதிக்கும் அண்ணன் ஒருவர். இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தவர். அதனால்தான் இத்தனை நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணா, வாலஸ் ஜெயிக்கவில்லை, மழைதான் ஜெயித்தது என்பது உண்மை இல்லை. என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

2021 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை அலபாமா மாநிலத்தின் டலடேகா மைதானத்தில் நடக்கவேண்டிய ரேஸ் மழையால் திங்களுக்குத் தள்ளிப்போனது. திங்களும் வானம் சரியில்லை. மொத்தம் 188 சுற்று. பாதி தாண்டிவிட்டால், மழை வந்து நின்றாலும் அந்த முடிவு செல்லும் என்பது விதி. டலடேகாவின் வளைவுகள் 33 டிகிரி சாய்வு. அங்கே ஓடும் ஸ்டாக் கார்களின் (நாஸ்கார் பந்தய வண்டிகள்) டயரில் கோடு வெட்டு எதுவும் கிடையாது, வழுவழுவென்று இருக்கும். ஈரத்தில் அந்தச் சாய்வில் அந்த வேகத்தில் ஓட்டவே முடியாது. அந்த மைதானத்தில் விளக்கும் இல்லை, இருட்டினால் முடிந்தது கதை. இவ்வளவும் அன்று ஓட்டிய ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒவ்வொரு அணியிலும் ஒருவர் ரேடார் படத்தைப் பார்த்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். அதாவது, மழை எப்போது வேண்டுமானாலும் வரும், வரும்போது முதலில் இருப்பவனுக்கே ரேஸ் என்று தெரிந்துதான் பாதிக்குப் பிறகு அத்தனை பேரும் முட்டிமோதினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து முன்னேறி 113வது சுற்றில் முதலிடத்தைப் பிடித்தார் வாலஸ். பின்னால் ஒரு விபத்து, யாரும் முந்தாமல் மெதுவாகப் போகச் சொல்லும் மஞ்சள் கொடி, உடனே மழை. 117வது சுற்றில் வண்டிகளை நிறுத்தினார்கள். தடத்தைக் காயவைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கெசலோவ்ஸ்கி இரண்டாவது, லகானோ மூன்றாவது.

மழை எல்லோர் தலையிலும்தான் பெய்தது. முன்னால் இருந்தவர் ஒருவர். அவர் வாலஸ்.

"ஐந்து சுற்றுதானே முன்னால் இருந்தார்" என்கிறார்கள். சரி. அதே 2021 பிப்ரவரியில் டேடோனா 500ஐ மைக்கேல் மெக்டவல் வென்றார். அது அவருடைய 358வது ரேஸ், முதல் வெற்றி. கடைசிச் சுற்றில் முன்னால் போன கெசலோவ்ஸ்கியும் லகானோவும் ஒன்றோடொன்று மோத, நெருப்புக்கு நடுவே புகுந்து வந்து ஜெயித்தார். 200 சுற்றில் அவர் முன்னிலை வகித்தது அந்த ஒரே ஒரு சுற்று. அன்று நம் குழுவில் என்ன எழுதினீர்கள் என்று நினைவிருக்கிறதா? "பொறுமைக்குக் கிடைத்த பரிசு" என்று எழுதினீர்கள். நானும் அதற்கு ஹார்ட் போட்டேன், இன்றும் போடுவேன். அவருக்கு ஒரு சுற்று போதும், இவருக்கு ஐந்து சுற்று போதாதா?

மழையையே எடுத்துக்கொள்வோம். ஜோயி லகானோ. மூன்று முறை சாம்பியன். அவருடைய முதல் வெற்றி எது? 2009 ஜூன், நியூ ஹாம்ப்ஷயர். முன்னால் ஓடிக்கொண்டிருந்த ரயன் நியூமனுக்குப் பெட்ரோல் தீர்ந்தது, லகானோ முதலிடத்துக்கு வந்தார், மழை வந்தது, 301 சுற்று ரேஸை 273ல் முடித்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஜெயித்துவிட்டான் என்று ஊரே கொண்டாடியது. அதே ஆண்டு மே மாதம் ஷார்லட்டில் 600 மைல் ரேஸ். 400 சுற்றில் 227 மட்டுமே ஓடியது. மற்றவர்கள் எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் பிட்டுக்குப் போக, போகாமல் தடத்திலேயே இருந்த டேவிட் ராய்ட்டிமனுக்கு முதல் வெற்றி. 2016ல் பொகோனோவில் மூடுபனியும் மழையும், கிறிஸ் பியூஷருக்கு முதல் வெற்றி. 2019ல் டேடோனாவில் மின்னல், மழை. 160 சுற்றில் 127 ஓடிய நிலையில் ஜஸ்டின் ஹேலிக்கு முதல் வெற்றி. இவர்கள் எல்லோரையும் "சாமர்த்தியமாக வானத்தைப் படித்தார்கள்" என்று பாராட்டித்தான் கேட்டிருக்கிறேன். பாராட்ட வேண்டியதுதான், அதுவும் ரேஸ்தான். ஆனால் இந்த நான்கு பேரில் யாரும் அந்தக் கடைசி நேரத்தில் தடத்தில் ஓட்டி முந்தி முதலிடத்தைப் பிடிக்கவில்லை. முன்னால் இருந்தவருக்கு எரிபொருள் தீர்ந்தது, அல்லது பிட்டுக்குப் போனார். வாலஸ் ஓட்டி முந்தினார். இவர்கள் கையில் யாராவது குடை வரைந்தீர்களா?

முழு ரேஸும் நடந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பாரா? யாருக்கும் தெரியாது. டலடேகாவில் நாற்பது வண்டி ஒட்டிக்கொண்டு ஓடும், கடைசிச் சுற்றுவரை எதுவும் சொல்ல முடியாது. இதை ஒத்துக்கொள்வதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் இதே கேள்வி மேலே சொன்ன நான்கு பேருக்கும் உண்டு.

சரி, மழை இல்லாத வெற்றிதான் வேண்டும் என்றால், 2022 செப்டம்பர், கேன்சஸ். முழு ரேஸ். 58 சுற்று முன்னிலை. தன்னுடைய அணியின் முதலாளிகளில் ஒருவரும் டிரைவருமான டென்னி ஹாம்லினையே இரண்டாவதாக நிறுத்தி ஜெயித்தார். அப்புறம் 2025 ஜூலை, இண்டியானாபொலிஸ். இதைத்தான் வேண்டுமென்றே மறக்கிறார்கள். கடைசிச் சில சுற்றுகள் மிச்சமிருக்கும்போது வாலஸ் முன்னால், மறுபடியும் மழை, மறுபடியும் ரேஸை நிறுத்தும் சிவப்புக் கொடி. அங்கேயே முடித்திருந்தால் அவர்தான் வின்னர். முடிக்கவில்லை. தடம் காய்ந்தது, கூடுதல் சுற்றுகள் ஓடவேண்டி வந்தது, பின்னாலேயே கைல் லார்சன். அத்தனை மறுதொடக்கத்திலும் லார்சனை முன்னே விடாமல் ஜெயித்தார். அங்கே மழை அவருக்கு எதிராகத்தான் இருந்தது. அதற்கு மீம் வந்ததா? நான் பார்க்கவில்லை.

இனி அடுத்த கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "எதற்கெடுத்தாலும் நிறத்தை இழுப்பீர்களா?"

நிறத்தை நான் இழுக்கவில்லை. 1963 டிசம்பர் 1, புளோரிடாவில் ஜாக்சன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று. வெண்டல் ஸ்காட் என்ற கறுப்பின டிரைவர், தன் வண்டியைத் தானே பழுதுபார்த்து ஓட்டிய மெக்கானிக், எல்லோருக்கும் முன்னால் 200 சுற்றை முடித்தார். ரேஸ் முடிந்ததற்கான கொடியை அசைக்கவில்லை. 202 சுற்று ஓட்டினார். வெற்றி பக் பேக்கருக்கு என்று அறிவித்துக் கோப்பையையும் அவரிடம் கொடுத்தார்கள். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, கணக்கில் தவறு நடந்துவிட்டது, ஜெயித்தது ஸ்காட்தான் என்றார்கள். கோப்பை மட்டும் வரவில்லை. ஸ்காட் 1990ல் இறந்துபோனார். அவர் குடும்பத்தின் கையில் நாஸ்கார் ஒரு கோப்பையைக் கொடுத்தது 2021 ஆகஸ்ட் 28 அன்று, அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள். ஐந்து வாரம் கழித்து டலடேகாவில் வாலஸ் ஜெயித்தார். நாஸ்காரின் முதன்மைத் தொடரான கப் தொடரில் ஸ்காட்டுக்குப் பிறகு ஜெயித்த முதல் கறுப்பினத்தவர். ஐம்பத்தெட்டு வருஷ இடைவெளி. ஸ்காட் ஜெயித்தபோது கணக்கில் தவறு என்றார்கள், வாலஸ் ஜெயித்தபோது மழை என்கிறார்கள். இதில் நிறம் எங்கே வந்தது என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது?

டலடேகா என்றால் அந்தக் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நேற்று ஒருவர் "கயிறு நாடகம் ஆடியவர்தானே" என்று எழுதினார். 2020 ஜூன் 10 அன்று அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடியை மைதானங்களில் நாஸ்கார் தடை செய்தது, வாலஸ் வாய்திறந்து கேட்டதால். பதினோரு நாள் கழித்து டலடேகாவில் அவருக்கு ஒதுக்கிய கராஜில் கதவை இழுக்கும் கயிறு தூக்குக் கயிறுபோல் முடிச்சிட்டுக் கிடந்தது. அமெரிக்காவின் தென்மாநிலத்தில் ஒரு கறுப்பருக்கு அந்த முடிச்சு என்ன சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. பார்த்தது அவருடைய அணி ஆள். வாலஸிடம் போய்ச் சொன்னது நாஸ்கார் தலைவர். எஃப்பிஐ விசாரித்தது. அந்தக் கயிறு 2019 அக்டோபரிலிருந்தே அங்கே இருந்தது, அந்த இடம் அவருக்கு வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது, அதனால் குற்றம் இல்லை என்று முடித்தது. நல்லது. ஆனால் நாஸ்கார் 29 மைதானங்களில் 1,684 கராஜ்களைச் சோதித்தது. முடிச்சிட்ட கயிறு பதினொன்று. தூக்கு முடிச்சு ஒன்றே ஒன்று, இதுதான். தான் கண்டுபிடிக்காத, தான் புகார் கொடுக்காத ஒரு விஷயத்துக்கு அந்த மனிதர் இன்றுவரை பொய்யர் பட்டம் சுமக்கிறார். அதே மைதானத்தில்தான் தன் முதல் கப் ரேஸை ஜெயித்தார். எல்லோர் முன்னாலும் அழுதார். அந்த அழுகைக்கும் கேலி.

கடைசியாக ஒரு வார்த்தை வந்தது பாருங்கள், அதில்தான் எனக்குப் பொறுமை போனது. "கோட்டா டிரைவர்."

டிரைவ் ஃபார் டைவர்சிட்டி என்ற, சிறுபான்மையினருக்கும் பெண்களுக்குமான நாஸ்கார் பயிற்சித் திட்டத்தில் வந்தவர் வாலஸ், உண்மை. கைல் லார்சனும் அதே திட்டத்தில் வந்தவர். டேனியல் சுவாரஸும். லார்சன் 2021ல் சாம்பியன் ஆனபோது யாராவது கோட்டா என்றார்களா? கீழ்மட்டத்தில் ஓட்ட ஒரு வண்டி கொடுப்பதுதான் அந்தத் திட்டம். அதற்குப் பிறகு ஜெயிப்பது அவரவர் ஓட்டத்தால்தான், டலடேகாவில் கெசலோவ்ஸ்கி யாருக்கும் வழிவிட மாட்டார்.

இந்த வார்த்தை எனக்குப் பழக்கமானது. என் அப்பா கோவையில் பம்ப்செட் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்கு வேலை கிடைத்த அன்று, ஹாஸ்டலில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட தோழி சிரித்துக்கொண்டே சொன்னாள், "உனக்கென்னடி, கோட்டா இருக்கு." தனியார் கம்பெனி அது. அங்கே இடஒதுக்கீடு என்பதே கிடையாது. இருந்திருந்தாலும் நான் தலைகுனிய ஒன்றுமில்லை, அது வேறு. இல்லாத ஒன்றை வைத்துச் சொன்னாள். ஊருக்கு வந்தால் உறவுக்காரர் ஒருவர், "அந்த வருஷம் நெறயப் பேர எடுத்தாங்களாமா" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரி அப்பா கேட்டார், "கண்ணு, நீ எழுதிப் பாஸ் பண்ணித்தானே வாங்குனே?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அடுத்த முறை யாராவது சொன்னால் பதில் சொல்வதற்காகக் கேட்டார். ஆனால் கேட்க வைத்துவிட்டார்கள் இல்லையா? ஒருவருடைய முதல் வெற்றியில் இப்படிக் கைவைத்தால் அது அவரோடு நிற்பதில்லை, அவர் வீடுவரை போகிறது. மேலே நீங்கள் போடும் சிரிப்புப் பொம்மைக்கு அவ்வளவு தூரம் கை நீளும்.

"ஒரு மீமுக்கு இவ்வளவா, அமெரிக்கக்காரன் ஜெயித்தால் உனக்கென்ன" என்று கேட்பவர்களுக்கு: நான் இந்த விளையாட்டைப் பார்க்க ஆரம்பித்ததே நம் ஊர்க்காரர் நரேன் கார்த்திகேயனால். 2010ல் அவர் மார்ட்டின்ஸ்வில்லில் நாஸ்காரின் டிரக் தொடர் ரேஸ் ஓட்டினார், 13வதாக வந்தார், அந்த ஆண்டு அந்தத் தொடரின் மிகப் பிரபலமான டிரைவராக ரசிகர்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நாம் எவ்வளவு குதித்தோம்! வெளியாள் ஒருவர் அங்கே போய் நிற்பதே பெரிது என்று நமக்கு அன்று புரிந்தது. அதே மார்ட்டின்ஸ்வில்லில், அதே டிரக் தொடரில், 2013ல் முதல் முறை ஜெயித்தவர் வாலஸ். அது முழு ரேஸ். மழை இல்லை.

கமெண்டில் வந்து வாதாடுங்கள். ஐந்து சுற்று குறைவு என்று சொல்லுங்கள், டலடேகாவே குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லுங்கள், அப்படியானால் அங்கே ஜெயித்த எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், பதில் எழுதுகிறேன். கயிறு போட்ட படத்தையோ கோட்டா என்ற வார்த்தையையோ எடுத்துக்கொண்டு வந்தால் மட்டும் அழித்துவிடுவேன். அண்ணா, உங்களுக்கும் இதேதான்.