சீலன்ட் காய முதல் பெயின்ட் அடிச்சா வெடிக்காம என்ன செய்யும்?

குடிபூரலுக்கு நாள் வெச்சாச்சு, ஆக்களுக்குச் சொல்லியாச்சு, பெயின்ட் வேலை மட்டும் மிச்சம். காலையில யன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையில, இடைவெளி அடைக்கிற சீலன்டைப் பிதுக்கிறது, பகல் சோத்துக்குப் பொறகு அதுக்கு மேலயே எமல்ஷனை உருட்டுறது. மட்டக்களப்பு டவுனில இருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் வேலை இப்படித்தான் நடக்குது. கொஞ்ச நாள் போக விட்டு நிலையும் சுவரும் சேர்ற அந்த மூட்டுக்குக் கிட்டப் போய்ப் பாருங்க. நிலை நெடுக மயிரிழை மயிரிழையா வெடிப்பு. உடனே எல்லாரும் சேர்ந்து பெயின்டைத் திட்டுறது, "இப்ப வாற சாமான் சரியில்ல" எண்டு. பெரும்பாலும் சாமானில பிழை இல்ல, அவசரத்திலதான் பிழை. வீட்டுக்காரர், பெயின்டர், கடைக்காரர் எண்டு ஆளுக்கொரு பங்கு போட்டுச் செய்யிற பிழை. கடைசியில காசைக் கொட்டினவன் தலையிலதான் விடியுது.

அக்ரிலிக் சீலன்டில தண்ணி இருக்கு. அந்தத் தண்ணி ஆவியாப் போனாத்தான் அது இறுகும். காய்ச்சின பாலில ஆடை படியிற மாதிரி அரை மணித்தியாலத்தில மேல தோல் கட்டிரும், தொட்டா விரலில ஒட்டாது. "காய்ஞ்சிட்டு" எண்டு அந்த இடத்திலதான் ஏமாறுறாங்க. உள்ளுக்க இன்னும் களிதான். தண்ணி போகப் போக அது சுருங்கிக்கொண்டே இருக்கும். மேல அடிச்ச பெயின்ட் அதுக்குள்ள காய்ஞ்சு விறைச்சிரும். அடியில உள்ளது சுருங்குது, மேல உள்ளதுக்குக் கூடப் போக ஏலாது. கிழியாம என்ன செய்யும்?

"ஒரு மணித்தியாலத்தில பெயின்ட் அடிக்கலாம்" எண்டு டியூப்பில போட்டிருக்கே எண்டு சொல்லாதீங்க. அந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் 23 பாகை வெப்பம், 50 வீதம் ஈரப்பதன், மெல்லிய சீலன்ட் கோடு எண்ட ஆய்வுகூடக் கணக்கு. கார்த்திகை மார்கழியில நம்ம பக்கம் காத்தில ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல நிக்கும். தோய்ச்ச துணியே காயாத நாளில சீலன்ட் எப்படிக் காயும்? 5 மில்லிமீற்றர் தடிப்புக் கோட்டுக்கு வெயில் காலத்திலயே ஆகக் குறைஞ்சது 24 மணித்தியாலம் விடுங்க. 10 மில்லிமீற்றர் எண்டா ரெண்டு மூண்டு நாள். மாரியில இதை இரட்டிப்பாக்குங்க. நகத்தால அமத்திப் பாருங்க: பள்ளம் விழுந்து அப்படியே நிண்டா இன்னும் காயல்ல, உடனே மேல எழும்பி வந்தா வேலை தொடங்கலாம். வறண்ட கச்சான் காத்து அடிக்கிற நாளில கெதியாக் காயும் எண்டு நினைக்கிறதும் பாதிதான் சரி. தோல்தான் கெதியா இறுகும், உள்ளுக்க நிக்கிற தண்ணிக்கு வெளியேற வழி இன்னும் குறையும்.

வடிவாக் காய்ஞ்ச பொறகும் சில இடத்தில வெடிக்குதே எண்டா, அதுக்குக் காரணம் வேற. சீலன்ட் இழுபடும், மினுக்கமில்லாத மட் எமல்ஷன் இழுபடாது. விலை குறைஞ்ச மட் பெயின்டில சுண்ணக்கல் தூள் கூட, பிணைக்கிற பிசின் குறைவு. சீலிங்குக்கு அடிக்கிற மலிவு வெள்ளை இதில ஆக மோசம். அதைத் தடிப்பா அப்பினா இன்னும் கெதியா வெடிக்கும். சீலன்ட் கோட்டுக்கு மேல முதல்ல அக்ரிலிக் பிரைமர் ஒரு கை மெல்லிசா இழுக்கணும். பிரைமர் சீலன்டையும் பிடிக்கும், மேல வாற பெயின்டையும் பிடிக்கும். பொறகு கொஞ்சம் மினுக்கம் உள்ள நல்ல அக்ரிலிக் பெயின்ட், மெல்லிசா ரெண்டு கோட். மட்தான் வேணும் எண்டு நிக்கிறவங்க பிசின் கூடின நல்ல மட்டா எடுங்க.

இதையெல்லாம் விடப் பெரிய அநியாயம் சிலிக்கன். ஹாட்வெயார் கடையில போய் "வெடிப்புக்குப் பூசுற டியூப் ஒண்டு தாங்க" எண்டு கேட்டா, கண்ணை மூடிக்கொண்டு பாத்ரூம் சிலிக்கனை எடுத்து நீட்டுறாங்க. சாதாரண சிலிக்கனுக்கு மேல எந்தப் பெயின்டும் பிடிக்காது. அடிக்கும்போதே திட்டுத் திட்டா விலகி ஓடும். ஒருமாதிரி ஒட்டினாலும் பொறகு பட்டை பட்டையா உரியும். ரெண்டு கோட், மூண்டு கோட் எண்டு அடிச்சு ஆறாது. பிளேடால முழுசாச் சுரண்டி எடுத்து, மிச்சப் பிசுக்கையும் துடைச்சு, புதுசாத்தான் தொடங்கணும். டியூப்பில "பெயின்ட் அடிக்கலாம்" எண்டு எழுதியிருக்கா எண்டு பாக்காம காசைக் குடுக்காதீங்க. அக்ரிலிக் எடுங்க. கூட அசையிற மூட்டுக்கு எம்.எஸ். பொலிமர் எண்ட சீலன்டை எடுங்க, விலை கூட, ஆனா சுருக்கம் நல்லாக் குறைவு.

அசைவைப் பத்தி ஆரும் கதைக்கிறதே இல்ல. மர நிலை மாரியில ஈரத்தை இழுத்து ஊதும், கச்சானில காய்ஞ்சு சுருங்கும். அப்ப இடைவெளி விரியும். சாதாரண அக்ரிலிக் சீலன்ட் தாங்குற அசைவு, மூட்டு அகலத்தில சுமார் 12.5 வீதம், மலிவுச் சாமான் அதையும் விடக் குறைவு. 2 மில்லிமீற்றர் இடைவெளியில அது வெறும் 0.25 மில்லிமீற்றர். நிலை அதை விடக் கூட அசைஞ்சா ஒரு பக்கத்தால பிரிஞ்சு வந்திரும். அதனாலதான் இடைவெளியைச் சுரண்டி 5, 6 மில்லிமீற்றர் ஆக்கச் சொல்றது. "இருக்கிற வெடிப்பைப் பெருசாக்கச் சொல்றியா" எண்டு வீட்டுக்காரர் பாய்வார். ஓம், பெருசாக்கணும். மயிரிழை வெடிப்புக்கு மேல விரலால தடவி விட்ட சீலன்ட் ஒரு பருவம் தாங்காது. ஏலுமெண்டா மரம் காய்ஞ்சு இடைவெளி விரிஞ்சு கிடக்கிற காலத்திலயே அடைச்சிருங்க. மாரியில ஊதி நெருங்கேக்க சீலன்ட் அமுங்கும், கிழியாது.

இப்ப டியூப் கணக்கைப் பாருங்க. 300 மில்லிலீற்றர் டியூப் ஒண்டு, 5 மில்லிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் ஆழமுமா அடைச்சா 12 மீற்றர் ஓடும். நாலடிக்கு மூண்டடி யன்னலின்ட ஒரு பக்கச் சுற்று 4.3 மீற்றர் வரும். அப்ப ஒரு டியூப்புக்கு மூண்டு யன்னலே முழுசாக் காணாது. முழு வீட்டையும் ரெண்டு டியூப்பில முடிச்சிட்டன் எண்டு ஒருத்தர் பெருமை பேசினா, இடைவெளி அடைபடல்ல, மேலால வெள்ளை பூசியிருக்கு எண்டுதான் அர்த்தம்.

வேலையின்ட ஒழுங்கும் தலைகீழாத்தான் நடக்குது. சுவரை மட்டமாக்கப் பட்டி வெச்சு, தேய்ச்சு, தூசி தட்டி, சுவருக்கும் நிலைக்கும் பிரைமர் அடிச்சுக் காய விட்ட பொறகுதான் சீலன்ட். பழைய சுண்ணாம்புச் சுவரில கையை வெச்சா வெள்ளையா ஒட்டுதெல்லோ, அந்தத் தூளிலதான் சீலன்டும் ஒட்டும், தூளோடயே கழண்டும் வரும். கடற்கரைப் பக்கத்துச் சுவரில உப்புப் பூத்திருந்தா அதையும் முதல்ல சுரண்டித் துடைக்கணும். ஆழமான பொந்தை முழுக்கச் சீலன்டால நிரப்பாதீங்க, உள்ளுக்க ஃபோம் கயிறு திணிச்சு மேல 5, 6 மில்லிமீற்றருக்கு மட்டும் சீலன்ட் விடுங்க. சீலன்ட் ரெண்டு பக்கச் சுவரை மட்டும் பிடிக்கணும். அடியையும் பிடிச்சா இழுபட இடமில்லாமக் கிழியும். டியூப்பின்ட மூக்கை 45 பாகையில சரிச்சு வெட்டி, ஒரே இழுவையில விட்டு, ஈர விரலால ஒரு தரம் மட்டும் தடவுங்க. வாளித் தண்ணியில கையைத் தோய்ச்சுத் தோய்ச்சுத் தடவினா மேல்தோல் கரைஞ்சு பலமில்லாமப் போகும். காய்ஞ்ச பொறகு குழி விழுந்திருந்தா அதே சீலன்டால இன்னொரு மெல்லிய கோடு. இந்த இடத்திலதான் சிலர் பட்டியை எடுத்து இழுத்து விடுறாங்க. மெத்தெண்டு கிடக்கிற சாமானுக்கு மேல விறைச்ச பட்டி! அது பெயின்டை விடக் கெதியா வெடிக்கும். சீலன்டை சாண்ட்பேப்பரால தேய்க்கவும் ஏலாது, உருண்டுதான் வரும்.

ஏற்கெனவே வெடிச்சது எண்டா முதல்ல வெடிப்பைப் பாருங்க. பெயின்டில மட்டும் வலை போட்ட மாதிரி இருந்து, சீலன்ட் ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சிருந்தா அதை வெட்டத் தேவையில்ல. உரியிற பெயின்டைச் சுரண்டி, பிரைமர் ஒரு கை, பொறகு மெல்லிசா ரெண்டு கோட். ஒரு ஓரத்தால நேர்கோடாப் பிரிஞ்சு கட்டர் நுனி உள்ளுக்க போகுதெண்டா முழுக் கோட்டையும் வெட்டி எடுத்து, அகலமாக்கி, தூசி துடைச்சுத் திரும்ப அடையுங்க. கொங்கிறீற் தூணும் கல்லுச் சுவரும் சேர்ற இடத்தில சிமெந்துப் பூச்சே பிளந்திருந்தா அது பெயின்டரின்ட வேலையே இல்ல. மேசனைக் கூப்பிட்டு, அந்த இடத்துப் பூச்சை உடைச்சு வலை வெச்சுப் பூசுங்க. புதுப் பூச்சு 28 நாள் காய்ஞ்ச பொறகு பிரைமரை எடுங்க.