சாப்பிட்ட தட்டை எடுக்காம எந்திரிச்சுப் போன பொண்ணு

சான்ட்ரா சிஸ்னெரோஸோட 'தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்'ட நேத்து ராத்திரி மறுபடி எடுத்தேன். 1984ல வந்த புக்கு, சின்னச் சின்னதா 44 அத்தியாயம், சிலது ஒரு பக்கம்கூட வராது. சிகாகோல வளர்ற மெக்சிகன் வீட்டுப் பொண்ணு எஸ்பெரான்சா சொல்ற கதை. இதப் பத்திப் பேசினாலே ஆணாதிக்கம்னு ஒரு வார்த்தைல முடிச்சிடறாங்க, எனக்கு அதுல கொஞ்சம் கடுப்பு.

ஏன்னா அந்தப் புள்ளைய உக்கார வச்சு யாரும் பாடம் நடத்தல, எல்லாம் கண்ணால பாத்தே படிக்கிறா. அவ பேரே கொள்ளுப்பாட்டி பேரு. கல்யாணமே வேணாம்னு குதிரை மாதிரி திரிஞ்ச பொம்பள, கொள்ளுத்தாத்தா தலையில சாக்கப் போட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாராம், அப்புறம் ஆயுசு பூரா ஜன்னல்தான். பேரு வந்துச்சு சரி, அந்த ஜன்னலோர இடம் எனக்கு வேணாம்ங்கறா இவ. ஸ்பானிஷ்ல நல்லது நடக்கும்னு நம்பறதுக்கும் காத்துக் கெடக்கறதுக்கும் ஒரே வினைச்சொல்தான், எஸ்பெரான்சாங்கற பேரும் அதுலேர்ந்துதான் வருது, அது தெரிஞ்சப்புறம் அந்தப் பேரே வேற மாதிரி கேக்குது.

அதே தெருவுல இருக்கற அலிசியாவுக்கு அம்மா செத்ததும் சொத்தா வந்தது சப்பாத்திக் கட்டையும் தூக்கக் கலக்கமும், விடியறதுக்கு முன்னாடி டார்ட்டியாங்கற மெக்சிகன் ரொட்டி போட்டுட்டு ரெண்டு ட்ரெயின் ஒரு பஸ் மாறி காலேஜ் போறா. பக்கத்துல இருக்கற ரஃபேலாவ அழகா இருக்கான்னு புருஷன் உள்ள வச்சுப் பூட்டிடறான், அவ மாடியிலேர்ந்து கயித்த விட்டு ஜூஸ் வாங்கிக் குடிக்கறா. எஸ்பெரான்சாவோட தோழி சேலி அப்பன்கிட்ட அடி தாங்காம எட்டாங்கிளாஸுக்கு முன்னாடியே கல்யாணம் பண்ணிட்டுப் போயிடறா, அங்க போயி தரை விரிப்புல இருக்கற ரோஜாவப் பாத்துட்டு உக்காந்திருக்கா. அந்த ஒரு பக்கத்தப் படிக்கறப்ப வயித்தப் பிசையுது, அழுகை சத்தம் ஒண்ணும் கிடையாது, வெறும் ரோஜா.

இதெல்லாம் பாத்த எஸ்பெரான்சா பண்ற கலகம் என்ன தெரியுமா, சாப்பிட்டு முடிச்சதும் ஆம்பள மாதிரி நாற்காலியத் தள்ளி வைக்காம, தட்ட எடுக்காம எந்திரிச்சுப் போறா. அவ்ளோதான். முதல் தடவ படிச்சப்ப கைதட்டாத குறை.

இந்தத் தடவ வேற ஒண்ணு உறுத்துச்சு, அப்ப அந்தத் தட்ட யாரு எடுத்திருப்பா? புக்குல இல்ல. அம்மாவாத்தான் இருக்கும்னு தோணுது. நல்ல துணி இல்லங்கற வெக்கத்துல ஸ்கூல விட்டவ, லைப்ரரியிலேர்ந்து ஆப்பரா ரெக்கார்ட் எடுத்துட்டு வந்து பாடறவ, நானும் பெரிய ஆளா வந்திருப்பேன்டின்னு ஓட்ஸ் கஞ்சியக் கிண்டிக்கிட்டே சொல்றாளே, அவ.