கார்டு ஹோல்டருக்கு லைட் தேவையா என்று கேட்பவர்களுக்கும், லைட்டுக்காகவே வாங்குபவர்களுக்கும்

கம்ப்யூட்டருக்குள் கனமான கிராபிக்ஸ் கார்டு தொங்கிவிடாமல் தாங்கும் கம்பிதான் கிராபிக்ஸ் கார்டு ஹோல்டர். அதில் எதை வாங்கலாம் என்று கேட்டு எனக்கு வரும் படங்கள் எல்லாமே இருட்டு அறையில் எடுத்தவை. கம்பி வானவில் நிறத்தில் ஜொலிக்கும். அது எதன் மேல் நிற்கிறது, கார்டில் எந்த இடத்தைத் தொடுகிறது என்பது மட்டும் தெரியாது. நமக்கு வேண்டியது கார்டுக்கு ஒரு முட்டு. காட்டப்படுவதோ விளக்கு. இந்தப் படங்களை நம்பி வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

அதற்காக லைட்டே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை. 'லைட் போட்டால் எஃப்பிஎஸ் (கேமில் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு) கூடுமா' என்ற கிண்டல் பழசாகி எத்தனையோ வருடமாகிவிட்டது. கண்ணாடிக் கதவு வைத்த கேபினட் வாங்குவதே உள்ளே பார்க்கத்தான். அந்தக் கண்ணாடிக்கு நேர் பின்னால், கார்டின் நுனியில் நிற்கப்போவது இந்தக் கம்பி. அது அழகாக இருக்கட்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

ஆனால் முதல் கேள்வி, உங்களுக்கு ஹோல்டர் தேவையா? இரண்டு ஃபேன் வைத்த குட்டி கார்டுக்குத் தேவையில்லை. அலங்காரத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 போன்றவை வேறு ரகம். அதைத் தயாரிக்கும் என்விடியாவின் சொந்த மாடலே இரண்டு கிலோவைத் தாண்டும், நீளம் 304 மில்லிமீட்டர். இந்த எடை முழுவதையும் பின்பக்கத்து ஸ்க்ரூக்களும் மதர்போர்டு ஸ்லாட்டும் மட்டுமே ஒரு ஓரத்தில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஸ்லாட் லாக் ஆகும் முனைக்குப் பக்கத்தில் பிசிபி, அதாவது கார்டின் சர்க்யூட் பலகை, விரிசல் விட்டு வந்த கனமான கார்டுகளை, 2023 வாக்கில் பழுது பார்ப்பவர்கள் வீடியோ போட்டே காட்டினார்கள். வெறும் பயமுறுத்தல் இல்லை அது.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். சிஸ்டத்தை ஆஃப் செய்துவிட்டு, பின்பக்க ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கார்டின் நுனியை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்தபடியே திரும்ப இறுக்குங்கள். பல கார்டுகளில் பாதித் தொங்கல் இதிலேயே போய்விடும். மீதிக்குத்தான் ஹோல்டர்.

இப்போது எந்த வகை என்று பார்ப்போம். நான் தூண் மாதிரி நிற்கும் வகையின் பக்கம். எடை நேராகக் கீழே இறங்கிவிடுகிறது, வேறெதையும் இழுப்பதில்லை. ஸ்லாட் பக்கத்திலேயே ஸ்க்ரூ போட்டு நீட்டிக்கொண்டு வரும் கை மாதிரியான வகையில், அந்தக் கையும் கார்டைப் போலவே ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளது. தகடு மெல்லிசாக இருந்தால் இரண்டும் சேர்ந்து தொங்கும். போதாக்குறைக்கு அந்த அகலத் தகடு கார்டின் ஃபேனுக்கு நேர் கீழே வந்து காற்றையும் மறைக்கும். தூண் வைக்கவே முடியாத கேபினட்டும் உண்டு. அடியில் ஃபேன் வரிசையாக மாட்டியிருந்தால் தூண் எங்கே நிற்கும்? அங்கே மதர்போர்டின் ஸ்க்ரூ துளைகளில் மாட்டும் வகையைத் தேடுங்கள்.

தூண் வாங்குகிறீர்கள் என்றால், கார்டின் அடிப்பாகத்திலிருந்து பவர் சப்ளை மூடி (கேபினட்டின் அடியில் பவர் சப்ளையை மறைக்கும் தகடு) வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். உதாரணமாக அசுஸ் ஹெர்குலெக்ஸ் என்ற தூண் 72 முதல் 128 மில்லிமீட்டர் வரைதான் நீளும். உங்கள் இடைவெளி 140 என்றால் அது எவ்வளவு அழகாக மின்னினாலும் பிரயோஜனம் இல்லை. அடியில் காந்தம் என்று போட்டிருந்தால், உங்கள் கேபினட்டில் அந்த இடம் இரும்பா என்று ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது.

அப்புறம் அந்த உச்சி ரப்பர். அது தொட வேண்டிய இடம் கார்டின் கெட்டியான ஓரம். ஃபேன் வளையத்தின் மேல் வைத்து அழுத்தினால் பிளாஸ்டிக் வளைந்து, இறக்கை உரசி டக்டக்கென்று சத்தம் வரும். இன்னொன்று, ஆர்வக்கோளாறில் நிறைய ஏற்றிவிடாதீர்கள். நுனி மேலே தூக்கிக்கொண்டு நின்றால் ஸ்லாட்டுக்கு அதுவும் வேதனைதான். தொட்டதும் இன்னும் ஒரு துளி ஏற்றிவிட்டு, பக்கவாட்டிலிருந்து கண்ணை ஸ்லாட் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். திருகி ஏற்றும் மரை வகைதான் என் விருப்பம். இழுத்து நிறுத்தி ஒரு குமிழால் இறுக்கும் வகை நாளாக நாளாகச் சத்தமில்லாமல் இறங்கும்.

சரி, லைட்டுக்கு வருவோம். ஏஆர்ஜிபி, அதாவது ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி நிறம் கொடுக்கக்கூடிய லைட் என்றால் 5 வோல்ட், மூன்று பின். எல்லா எல்இடியும் ஒரே நிறத்தில் எரியும் பழைய ஆர்ஜிபி 12 வோல்ட், நான்கு பின். மதர்போர்டில் பக்கத்திலேயே எழுதியிருக்கும், டார்ச் அடித்துப் படியுங்கள். 5 வோல்ட் சாமானை 12 வோல்ட்டில் பலவந்தமாகச் சொருகினால் எல்இடி கருகிவிடும், திரும்ப வராது. மூன்று பின் வகையாக இருந்தால் பெட்டி மேல் எந்த பிராண்டு பெயர் இருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை, கட்டளை கொடுப்பது மதர்போர்டு. சில பிராண்டுகள் மட்டும் தங்களுடைய தனி கனெக்டரை வைத்து, அவர்களுடைய ஹப்பையும் (லைட் ஒயர்களைச் சேர்க்கும் பெட்டி) வாங்க வைப்பார்கள். அந்த வலையில் விழாதீர்கள். பவர் சப்ளையிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் மோலெக்ஸ் ஒயரோடு வரும் மலிவு ரகங்கள் பல, நிறம் மாற்றவே முடியாமல் வானவில்லை ஓட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வாரம் ஒயரைப் பிடுங்கிவிடுவீர்கள்.

படத்தில் தெரியாத இன்னொரு சமாச்சாரம் வெள்ளை நிறம். ஏஆர்ஜிபியில் சிவப்பு, பச்சை, நீலம் கலந்துதான் பெரும்பாலும் வெள்ளை வருகிறது. அதனால் ஃபேனின் வெள்ளை நீலம் பாய்ந்தும், ஹோல்டரின் வெள்ளை ரோஸ் அடித்தும் நிற்கும். வெள்ளை பில்டு செய்பவர்களுக்கு இது பெரிய கண்ணுறுத்தல். எல்இடி புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா, பால் மாதிரிப் பரவுகிறதா என்பதையும் பாருங்கள். என்னுடையதை ஒரே நிறத்தில், வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறைத்து வைத்திருக்கிறேன். கேபினட் மேசை மேல் இருந்தால் முழு வெளிச்சத்தில் விளையாடவே முடியாது. ஒயர் அடிப்பக்கமாக வெளியே வரும் மாடலாகப் பார்த்து எடுங்கள். உச்சியிலிருந்து வந்தால் கண்ணாடிக்கு முன்னால் அசிங்கமாகத் தொங்கும்.

வீடு மாறும்போது தூணை மட்டும் நம்பிக் கேபினட்டைத் தூக்காதீர்கள். அது நழுவி ஃபேனுக்குள் விழும். கார்டையே கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு ஆர்டர் போடுவதற்கு முன், கார்டு வந்த பெட்டியின் அடி அட்டையைத் தூக்கிப் பாருங்கள். பெரிய கார்டுகள் பலவற்றோடு ஒரு கறுப்பு ஹோல்டர் இலவசமாகவே வருகிறது, நிறைய பேர் அதைப் பிரிப்பதே இல்லை. அதை மாட்டிவிட்டு, பவர் சப்ளை மூடியின் ஓரத்தில் காந்தம் வைத்த ஏஆர்ஜிபி ஸ்ட்ரிப் ஒன்றை ஒட்டுங்கள். கார்டின் அடிப்பக்கம் முழுக்க வெளிச்சம் விழும், ஹோல்டரில் இருக்கும் லைட்டை விட எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.